தாளாளரிடம் சொல்லிவிட்டேன் என்பது புகார் ஆகாது

கேள்வி:

நான் தென் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியை. நான் படித்ததும் அதே பள்ளிதான். எங்கள் முன்னாள் தலைமையாசிரியரை ஊரே ‘பெரிய சார்’ என்றுதான் சொல்லும். நல்லாசிரியர் விருது வாங்கியவர். ஃபீஸ் கட்ட முடியாத எத்தனையோ பிள்ளைகளுக்குத் தன் சம்பளத்தில் கட்டியவர். அப்பா இறந்த வருடம் என்னை பி.எட். சேர்த்துவிட்டவரும் அவர்தான். அடுத்த மாதம் அவருக்குப் பாராட்டு விழா. புதுக் கலையரங்கத்துக்கு அவர் பெயரைச் சூட்டப்போகிறோம். விழாக் குழுவில் நானும் இருக்கிறேன், வாழ்த்துரை என் பொறுப்பு.

அழைப்பிதழைப் பார்த்துவிட்டு ஒரு முன்னாள் மாணவி எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள். 2016இல் அவள் எட்டாம் வகுப்பு. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்த பிறகு கணக்கு ஆசிரியர் அவளை நிறுத்திவைத்து, பல நாள், தொடக்கூடாத இடங்களில் தொட்டிருக்கிறார். அவள் தைரியமாகப் போய்ச் சொன்னது பெரிய சாரிடம். அவர் அம்மாவை வரவழைத்து, ‘பொம்பளப் புள்ள வாழ்க்கை, வெளிய தெரிஞ்சா நமக்குத்தான் அசிங்கம்’ என்று சமாதானம் பேசியிருக்கிறார். தாளாளரிடமும் சொல்லியிருக்கிறார். மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு, இரண்டு வாரத்தில் அந்த ஆளை ராஜினாமா செய்யவைத்து, அனுபவச் சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இன்று அந்த ஆள் பக்கத்து ஊரில் டியூஷன் சென்டர் நடத்துகிறார். ஸ்டாஃப் ரூமில் எங்களுக்கு அப்போதே அரசல்புரசலாகத் தெரியும். யாரும் கேட்கவில்லை.

பெரிய சார் எந்தத் தப்பும் செய்யவில்லையே? மேலிடத்தில் சொன்னார், ஆளையும் அனுப்பினார். ஒரு விஷயத்தை வைத்து அவர் செய்த நல்லதையெல்லாம் அழித்துவிட முடியுமா? நான் மேடையில் என்ன பேசுவது?

– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

விழாவைச் சற்று ஒதுக்கி வையுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவிடாமல் செய்தது அந்த டியூஷன் சென்டர். இன்று சாயங்காலமும் அங்கே ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகள் நோட்டை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அவர்களைப் பெற்றவர்கள் எதை நம்பி அனுப்புகிறார்கள்? ‘பெரிய பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர்’ என்ற பேச்சை நம்பித்தான். அந்தப் பேச்சுக்கு ஆதாரமான சான்றிதழில் கையெழுத்து யாருடையது என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் 2016இல் முடிந்துபோன விஷயமாக எழுதியிருக்கிறீர்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளையே பெரும்பாலும் நடத்திவரும் வழக்கறிஞர் என்ற முறையில் சொல்கிறேன், அது முடியவில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. பெரிய சார் தப்பு செய்யவில்லையா?

சட்டப்படி பார்த்தால் செய்தார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 19ஆம் பிரிவு, இப்படி ஒரு குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்த எந்த நபரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுகிற எந்த நபரும், காவல்துறைக்கோ சிறார் நலனுக்கான சிறப்புக் காவல் பிரிவுக்கோ தகவல் தர வேண்டும் என்கிறது. தாளாளருக்கு, முதன்மைக் கல்வி அலுவலருக்கு, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவருக்குச் சொன்னால் போதும் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. தகவல் தராதவருக்கு 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்துக்குப் பொறுப்பாக இருப்பவர், தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் அது ஓராண்டு வரை போகும், அபராதமும் உண்டு. சாதாரண ஆளைவிடப் பொறுப்பில் இருப்பவருக்கு இரண்டு மடங்கு. காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நடப்பது வெளியே தெரிவதற்கு இருக்கும் ஒரே வாசல் பெரும்பாலும் அவருடைய அறைதான்.

இதெல்லாம் ஏட்டுச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு பள்ளி விடுதியில் 17 பழங்குடிச் சிறுமிகள் பாதிக்கப்பட்ட வழக்கில், அவர்களுக்குச் சிகிச்சை பார்த்த மருத்துவர் விஷயம் தெரிந்தும் சொல்லவில்லை என்று குற்றம்சாட்டப்பட்டார். உயர் நீதிமன்றம் அவர் மீதான வழக்கை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 2 அன்று அந்த உத்தரவைத் தள்ளிவிட்டு வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம், பெரும்பாலும் அது குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சிதான் என்று சொன்னது. நம் மாநிலத்திலேயே 2021 நவம்பரில் கோவையில் ஒரு மாணவி உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, ஆசிரியரோடு சேர்த்துப் பள்ளி முதல்வரும் இதே 21ஆம் பிரிவில் கைதானார்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன். பெரிய சார் மீது இன்று இந்தப் பிரிவில் வழக்கு நிற்பது கடினம். ஓராண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள குற்றத்துக்கு ஓராண்டுக்குள் நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்திருக்க வேண்டும். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்றாலும், இத்தனை வருடம் கழித்து அது சுலபம் அல்ல. கணக்கு ஆசிரியர் கதை வேறு. ஆசிரியராக இருந்துகொண்டு தன் பள்ளிப் பிள்ளையிடம் இப்படி நடந்தால் ஐந்து முதல் ஏழு ஆண்டு சிறை. மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது. அந்த ஆள் மீது நாளைக்கே புகார் கொடுக்கலாம்.

சட்டம் பெரிய சாரை விட்டுவிடலாம். அப்படி விட்டுவிட்ட பிறகும் பாக்கி இருப்பதைத்தான் நீங்கள் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

‘மேலிடத்தில் சொல்லிவிட்டாரே’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வாக்கியத்தின் மேல் ஒரு பல்கலைக்கழகமே சரிந்த கதை அமெரிக்காவில் உண்டு. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோ 1966 முதல் அந்தப் பொறுப்பில் இருந்தவர். அவர்களுடைய கால்பந்து வேறு மாதிரி ஆட்டம், கையால் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவது. அந்த ஆட்டத்தில் 409 வெற்றி கண்டவர். விளையாடும் பையன்கள் படிப்பையும் முடிக்க வேண்டும் என்று கண்டிப்பாக இருந்தவர். சம்பாதித்ததில் கோடிக்கணக்கில் நூலகத்துக்குக் கொடுத்தவர், அந்த நூலகம் அவர் பெயரில் இருக்கிறது. அந்த ஊருக்கு அவர்தான் பெரிய சார்.

அவருக்கு நெடுநாள் உதவியாளராக இருந்தவர் ஜெர்ரி சாண்டஸ்கி. 1999இல் ஓய்வு பெற்றார், ஆனால் வளாகத்துக்குள் வந்துபோகும் உரிமை இருந்தது. வசதியற்ற சிறுவர்களுக்காக ஒரு தொண்டு அமைப்பையும் அவர் நடத்திவந்தார். 2001 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அணியின் குளியலறையில் சாண்டஸ்கி ஒரு சிறுவனோடு இருந்ததை மைக் மெக்வேரி என்ற இளம் உதவியாளர் பார்த்தார். மறுநாள் காலை பட்டர்னோ வீட்டுக்குப் போய்ச் சொன்னார். பட்டர்னோ அதற்கு அடுத்த நாள் தன் மேலதிகாரியான விளையாட்டுத் துறை இயக்குநர் டிம் கர்லியிடம் சொன்னார். அன்றே ஏன் சொல்லவில்லை? பத்து வருடம் கழித்துச் சாட்சியம் சொன்னபோது பட்டர்னோ கொடுத்த விளக்கம்: சனிக்கிழமை, அவர்களுடைய வார விடுமுறையைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

இந்த ஒரு வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன். கொடூரமான ஆள் பேசும் பேச்சு அல்ல இது. மரியாதை தெரிந்தவர் பேசும் பேச்சு. அந்த மரியாதை முழுக்க மேலே இருப்பவர்களுக்குப் போயிற்று. குளியலறையில் இருந்த சிறுவன் யார், எந்த வீட்டுப் பிள்ளை, இப்போது எப்படி இருக்கிறான் என்று யாரும் தேடிப்போகவே இல்லை.

கர்லியும் துணைத் தலைவர் கேரி ஷுல்ட்ஸும் தலைவர் கிரஹாம் ஸ்பானியரும் கலந்து பேசினார்கள். முதலில் குழந்தைகள் நலத் துறைக்குச் சொல்வதாக ஒரு திட்டம் இருந்தது. பிறகு அதை மாற்றினார்கள். சாண்டஸ்கியிடமே பேசுவது, மனநல உதவி பெறச் சொல்வது, இனி சிறுவர்களை வளாகத்துக்கு அழைத்து வராதே என்பது, அவருடைய தொண்டு அமைப்புக்குத் தெரிவிப்பது என்று முடிவானது. இது மனிதாபிமானமான வழி என்று ஸ்பானியர் மின்னஞ்சலில் எழுதினார். அந்த மனிதாபிமானம் யாருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். சாண்டஸ்கிக்கு. உங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியருக்குக் கிடைத்த அனுபவச் சான்றிதழும் இதே வகைதான்.

சாண்டஸ்கி 2011 நவம்பரில் கைதானார். வழக்கில் பேசப்பட்ட பத்துச் சிறுவர்களில் சிலருக்கு அந்தக் கொடுமை நடந்தது 2001க்குப் பிறகு. அதாவது நான்கு பெரிய மனிதர்களுக்குத் தெரிந்ததற்குப் பிறகு. 2012இல் 48 குற்றச்சாட்டுகளில் 45இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 30 முதல் 60 ஆண்டு சிறை கிடைத்தது. கர்லி, ஷுல்ட்ஸ், ஸ்பானியர் மூவரும் பின்னாளில் குழந்தைகளின் நலனை ஆபத்துக்குள்ளாக்கிய குற்றத்துக்காகச் சிறை சென்றார்கள். பட்டர்னோ மீது வழக்கே இல்லை. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தின் அன்றைய சட்டப்படி ஊழியர் தன் மேலதிகாரியிடம் சொன்னால் போதும், அவர் சொல்லிவிட்டார். இருந்தும் பல்கலைக்கழகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. அன்றிரவு மாணவர்கள் தெருவில் இறங்கி ஒரு தொலைக்காட்சி வேனைக் கவிழ்த்தார்கள். பாதிக்கப்பட்ட பையன்களுக்காகக் கவிழ்க்கவில்லை, பட்டர்னோவுக்காகக் கவிழ்த்தார்கள். ஸ்டேடியம் அருகே 2001இல் வைத்த அவருடைய சிலையை 2012 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை, ஜனவரியிலேயே இறந்துவிட்டார். நான் இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாம் என்று கடைசியில் அவரே சொன்னார். பென்சில்வேனியாவில் பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். மேலதிகாரியிடம் சொல்வது போதாது, தெரிந்தவரே நேராக அரசுக்குச் சொல்ல வேண்டும் என்று.

நம் சட்டத்தில் அந்த ஓட்டை 2012இலேயே இல்லை. ஆகவே பட்டர்னோவுக்கு இருந்த சட்டச் சாக்குகூட உங்கள் பெரிய சாருக்கு இல்லை.

அவர் வேண்டுமென்றே அந்தச் சிறுமிக்குக் கெடுதல் செய்தார் என்று நான் சொல்லவரவில்லை. அவள் நன்மைக்கு என்று நம்பியேகூடச் செய்திருப்பார். ‘பொம்பளப் புள்ள வாழ்க்கை’ என்று அவர் சொன்னது அவர் வளர்ந்த ஊரின் பேச்சு, நீங்களும் நானும் வளர்ந்த ஊரின் பேச்சு. ஆனால் அந்த அறையில் அன்று நடந்ததைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். இப்படிப்பட்ட ‘சமாதான’ அறைகளைப் பற்றி என் கட்சிக்காரர்கள் சொல்லக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்தக் காட்சி மனப்பாடம். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பார், வேலையிலிருந்து பாதியில் வந்திருப்பார். பிள்ளை பீரோ ஓரமாக நின்றுகொண்டிருக்கும், அதற்கு யாரும் நாற்காலி போட மாட்டார்கள். அந்த ஆளை உள்ளே கூப்பிடுவார்கள். அவன் அம்மாவைப் பார்த்து, ‘தெரியாம நடந்துபோச்சு, மன்னிச்சிருங்க’ என்பான். பிள்ளையிடம் அல்ல, அம்மாவிடம். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் ‘எனக்கு எந்தப் புகாரும் இல்லை’ என்று எழுதி அம்மாவிடம் கையெழுத்து வாங்குவார்கள்.

உங்கள் மாணவியின் அம்மாவிடமும் அப்படி ஒரு தாள் வாங்கினார்களா என்று விசாரியுங்கள். பின்னாளில் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தூக்கிக்காட்டுவது அதைத்தான். ‘அன்றைக்கே புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்தீர்களே அம்மா?’ அந்தத் தாளுக்குப் பயப்பட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். இந்தக் குற்றத்தில் சமாதானம் பேசும் உரிமை பெற்றவர்களுக்கே கிடையாது. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான இதே மாதிரி வழக்கில், மாணவியின் தந்தையும் ஆசிரியரும் சமரசமாகிவிட்டார்கள் என்று உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லி வழக்கைத் தொடரவைத்தது.

அந்த அம்மா ஏன் சமாதானத்துக்கு ஒப்புக்கொண்டார்? பெரிய சார் சொன்னதால். வேறு யார் சொல்லியிருந்தாலும், தாளாளரே நேரில் வந்து சொல்லியிருந்தாலும், ஒருவேளை எழுந்து காவல் நிலையத்துக்குப் போயிருப்பார். எத்தனையோ பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டிய மனிதர், ஊரே கும்பிடும் மனிதர், ‘விடும்மா, நான் பாத்துக்கறேன்’ என்று சொன்னதும் அவருக்கு வேறு வழி தெரிந்திருக்காது. அந்தச் சிறுமி அவரிடம் ஓடிப்போனதும் அதே காரணத்துக்காகத்தான். இவரிடம் சொன்னால் நடக்கும் என்று நம்பினாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை அதைச் சொல்வதற்கு எத்தனை நாள் வாசலில் தயங்கி நின்றிருக்கும் என்று ஆசிரியையான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, மதிப்புள்ள மனிதர் மௌனமாக இருப்பதும் மற்றவர் மௌனமாக இருப்பதும் ஒன்றல்ல என்பது என் கருத்து. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். அவர் வாய் திறந்தால் ஊர் நம்பும். போலீஸ் எழுந்து நின்று புகாரை வாங்கும். அந்தப் பெண் பொய் சொல்கிறாள் என்று ஒருவரும் பேசத் துணிய மாட்டார்கள். அத்தனை காலம் சேர்த்த மரியாதை முழுக்க அந்த ஒரு நாளுக்காகவே சேர்த்ததுபோல் உதவியிருக்கும். அதே மரியாதை அன்று மறுபக்கம் வேலை செய்தது. அது அம்மாவின் வாயை அடைத்தது. ஸ்டாஃப் ரூமில் உங்கள் எல்லோரையும் ‘பெரிய சாரே பாத்துக்கிட்டார்’ என்று நிம்மதியாக இருக்கவைத்தது.

அவர் செய்த நல்லது? அது நல்லதுதான். உங்கள் பி.எட். படிப்பு உண்மை, அவர் கட்டிய ஃபீஸ் உண்மை. அதை யாரும் உங்களிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை, நீங்களும் அவரை வெறுக்க வேண்டியதில்லை. நன்றி உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது அவளுக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது. உங்களுக்கு அவர் செய்த நன்மையைக் கொடுத்து அவளுக்கு அவர் பட்டிருக்கும் கடனை அடைக்க உங்களால் முடியாது. எனக்கு நல்லவராக இருந்தவர் இன்னொருவரை இப்படிக் கைவிட்டிருக்க மாட்டார் என்று மனம் அடித்துக்கொள்ளும். நீதிமன்ற வளாகத்தில் ஊர்ப் பெரியவர்களும் நல்லெண்ணம் கொண்ட பழைய மாணவர்களும் எதிர்த்தரப்பில் வந்து உட்காருவதை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்ல வந்தவர்கள் அல்ல. நன்றி மறக்கக் கூடாது என்று வந்தவர்கள்.

இனி உங்கள் பக்கம். 19ஆம் பிரிவின் ‘எந்த நபரும்’ என்ற சொல் உங்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது. 2016இல் உங்களுக்குக் காதில் விழுந்தது அரசல்புரசல். இன்று பெயரோடு, வகுப்போடு, நடந்த விதத்தோடு தெரிந்துவிட்டது. டியூஷன் பிள்ளைகளைப் பற்றிய அச்சமும் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் சொல்பவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது என்று அதே 19ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. நிர்வாகம் என்ன சொல்லுமோ என்று பயமாக இருந்தால் இதை மனதில் வையுங்கள்.

ஆனால் இன்று அவள் வயது வந்த பெண். அவளிடம் கேட்காமல் அவள் கதையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஓடக்கூடாது. அவளுடைய மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து விழாக் குழு குரூப்பில் போடுவது, ‘ஒரு பொண்ணு சொன்னா’ என்று சக ஆசிரியைகளிடம் பேசுவது எதுவும் வேண்டாம். சின்ன ஊரில் வருடத்தையும் வகுப்பையும் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். அடையாளத்தை வெளியிடுவது தனிக் குற்றமாகிவிடும். முதலில் அவளிடம் பேசுங்கள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அவள் அப்போதே சொன்னாள். அவள் சொன்னதை நம்புகிறீர்கள் என்று சொல்லுங்கள். தகவல் சொல்லும் கடமை உங்களுக்கு இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவள் என்ன விரும்புகிறாள், யாரைத் துணைக்கு வைத்துக்கொள்ள நினைக்கிறாள் என்று கேளுங்கள். உடனே முன்வர அவளுக்குத் தெம்பு இல்லாமல் போகலாம். அப்போதும் டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றிய உங்கள் அச்சத்தைக் குழந்தைகள் உதவி எண்ணான 1098இல் சொல்லலாம். அதற்கு அவள் பெயர் வேண்டாம். அவள் நாளைக்கே தயார் என்றால் இன்னும் நல்லது.

அடுத்து பெரிய சாரைப் போய்ப் பாருங்கள். அவளுடைய சம்மதம் கிடைத்த பிறகு, விழாவுக்கு முன்னால், வீட்டுக்கே போய். தீர்ப்புச் சொல்வதற்காகப் போக வேண்டாம். அவர் இன்றைக்கும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதைச் சொல்லத்தான் போகிறீர்கள். அந்தப் பெண் அன்றே புகார் சொன்னாள் என்பதற்கு உயிரோடு இருக்கும் முக்கியமான சாட்சி அவர்தான். மன்னிப்புக் கடிதம் எங்கே இருக்கிறது, யார் எழுதியது, அந்த ராஜினாமா ஏன் நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். புலனாய்வு அதிகாரியிடம் அவர் கொடுக்கும் ஒரு வாக்குமூலம் வழக்கையே நிமிர்த்தும். இத்தனை வருடம் கழித்து எதற்குக் கிளறுகிறாள் என்று ஊர் கேட்கும்போது, ‘அவ அப்பவே சொன்னா, நான்தான் அமுக்கிட்டேன்’ என்று அவர் சொன்னால் அதற்கு மேல் யார் பேசுவார்கள்? 2016இல் அவர் கொடுக்கத் தவறியதை இன்னும் கொடுக்க முடியும். பட்டர்னோவுக்கு அந்த வாய்ப்பும் காலமும் மிச்சமிருக்கவில்லை. இவருக்கு அறுபத்தேழு வயதோ என்னவோ ஆகியிருக்கும், நடமாடுகிறார், ஊர் அவர் பேச்சைக் கேட்கிறது.

அவர் உடைந்துபோகலாம். கோபப்படலாம். ‘நீயுமா?’ என்று கேட்கலாம், அதுதான் உங்களுக்கு மிகவும் வலிக்கும். அந்த ஆள் குடும்பஸ்தன், இப்போது திருந்தியிருப்பான் என்று சொல்லலாம். அந்த வாதத்துக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். திருந்திவிட்டான் என்று யார் போய்ப் பார்த்தார்கள்?

விழாவைப் பற்றி: அவர் சாட்சி சொல்ல முன்வந்தால், விழாவைத் தள்ளிப்போடச் சொல்லி அவரே கேட்பார் என்று நினைக்கிறேன். முன்வரவில்லை என்றால் நீங்கள் வாழ்த்துரை வாசிக்க வேண்டாம். குழுவிலிருந்து விலகிக்கொள்ளுங்கள். காரணம் கேட்டால், ‘என்னால் மனசாரப் பேச முடியாது’ என்பதோடு நிறுத்துங்கள். மேடையேறி எல்லோர் முன்னாலும் உடைத்துவிடலாம் என்று ஓர் எண்ணம் வரும். வேண்டாம். அன்று அரங்கத்தில் இருக்கும் அத்தனை பேரும் அடுத்த நிமிடம் தேடப்போவது ‘அந்தப் பொண்ணு யாரு’ என்றுதான். கலையரங்கத்துக்கு அவர் பெயரை வைப்பது பற்றி நிர்வாகத்துக்கு எழுத்தில் உங்கள் ஆட்சேபத்தைத் தெரிவிக்கலாம், புகார் பதிவான பிறகு. அதற்கு முன்னால் எழுதினால் தகவல் அந்த டியூஷன் சென்டருக்குத்தான் முதலில் போய்ச் சேரும்.

உங்கள் பள்ளியில் இன்று படிக்கும் பிள்ளைகளுக்காகவும் ஒன்று கேட்கிறேன். 14417 என்ற கல்வித் துறை உதவி எண் வகுப்பறைகளில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், ஹெச்.எம். அறை வாசலில் மட்டும் அல்ல. மாணவர் பாதுகாப்புக் குழு என்று காகிதத்தில் இருந்தால் கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். அடுத்த தடவை ஒரு பிள்ளை யாரிடமாவது வந்து சொன்னால், அந்த ஆசிரியை ஹெச்.எம்.மிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, நேராகக் காவல்துறைக்குச் சொல்லலாம் என்பது உங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

புகார் கொடுப்பது என்று முடிவானால் சில நடைமுறைகள். அவள் இப்போது இருக்கும் ஊரிலேயே அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுக்கலாம். குற்றம் நடந்த இடம் எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது, வாங்கிப் பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் மெசேஜ்களை இருவரும் அழிக்காமல் வைத்திருங்கள். அம்மாவையும் சேர்த்து அழைத்துப்போங்கள், அவர் இந்த வழக்கில் சாட்சி. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்ற கவலை வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். ஒரு வெள்ளைத்தாளில் விண்ணப்பம் எழுதி ஆதார் நகலோடு கொடுத்தால் போதும்.